முகத்தை மறைத்த இலச்சினை

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள போர்ட்ஸ்மத் என்னும் துறைமுக நகரம். அங்கிருந்த சிறிய தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் செய்தி வாசிக்க இருபது வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் மாக்ஸ் ராபின்சன். வெள்ளையருக்கு மட்டுமே என்று அறிவிக்கப்பட்ட வேலை அது. தமக்கும் குரல் தேர்வு வைக்க வேண்டும் என்று வலிந்து கேட்டு நின்று, அத்தேர்வில் வென்றும் காட்டினார். அவருடைய குரல் நேயர்களின் வீடுகளுக்குள் சென்றது. முகம் செல்லவில்லை. அவர் வாசிக்கும் நேரம் முழுவதும் நிலையத்தின் இலச்சினை பொறித்த படவில்லை ஒன்றே திரையை நிறைத்துக்கொண்டிருக்கும். அதன் பின்னால் அமர்ந்து ஒரு கறுப்பின இளைஞர் உலக நடப்பைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஓர் இரவு அந்தப் படவில்லையை எடுத்துவிடச் சொன்னார் ராபின்சன். எடுத்தார்கள். நகரம் அவர் முகத்தைப் பார்த்தது. மறுநாள் அவருக்கு வேலை போயிற்று.

அந்த இரவுக்கும் மறுநாளுக்கும் இடையில் மாறியது என்ன என்று எண்ணிப் பார்க்கிறோம். செய்தி மாறவில்லை. அதைத் திரட்டியவர்களும் எழுதியவர்களும் மாறவில்லை. குரலும் உச்சரிப்பும் அதுவரை எவருக்கும் உறுத்தாதவை. முந்தைய நாள்வரை நம்பத்தக்கதாக இருந்த குரல், அதற்குரிய முகம் தெரிந்ததும் வேண்டாததாகிவிட்டது. நம்பகத்தன்மை என்பது சொல்பவரிடம் உறையும் ஒரு குணம் என்றே நாம் பொதுவாகக் கருதி வருகிறோம். அக்கருத்தை இந்த ஒரு நிகழ்ச்சி குலைத்துவிடுகிறது. அது பெரும்பாலும் கேட்பவரின் பழக்கத்தில் இருக்கிறது. கேட்பவர் என்ன நினைப்பாரோ என்று நிர்வாகம் கொள்ளும் அச்சத்தில் அதைவிடவும் அதிகமாக இருக்கிறது.

யார் வாய்க் கேட்டாலும் பொருளின் மெய்ம்மையைப் பார் என்னும் கருத்தை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டதால் அதன் கூர்மை நமக்கு மழுங்கிப்போயிற்று. அதில் கடமை முழுவதும் கேட்பவர் தலைமேல் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம். அரிஸ்டாட்டிலும் தம் சொற்கலை நூலில் இதை ஒட்டியே பேசுகிறார். பேசுபவர் மீதான நம்பிக்கை அவருடைய பேச்சிலிருந்தே பிறக்க வேண்டுமே தவிர, அவரைப் பற்றி முன்பே கொண்ட எண்ணத்திலிருந்து பிறக்கலாகாது என்பது அவர் நிலை. இவ்விருவரும் சொன்னதை ஒளிபரப்பு ஊடகம் எவ்வளவு தூரம் கைக்கொண்டது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

* * *

'நேயர்கள் ஏற்கமாட்டார்கள்' என்பது ஒளிபரப்பு நிலையங்களின் மிகப் பழைய வாசகம். பிரிட்டனில் 1968ஆம் ஆண்டு தேம்ஸ் தொலைக்காட்சி 'டுடே' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, ஜமைக்காவிலிருந்து வந்த பார்பரா பிளேக் என்னும் இளம்பெண்ணைச் செய்தியாளராகத் திரையில் நிறுத்தியது. குடியேறியவர்களுக்கு எதிராக ஈனாக் பவல் பர்மிங்காமில் ஆற்றிய பேருரை நாட்டையே கொதிக்க வைத்திருந்த ஆண்டு அது. ஓராண்டு நிறைவதற்குள் அவருடைய ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. அவரைத் திரையிலிருந்து அகற்றச் சொல்லி நேயர்களிடமிருந்து தொடர்ந்து வந்த கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளுமே காரணம் என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. பின்னர் பர்மிங்காமில் உள்ள மற்றொரு நிலையத்தில் பணி கிடைத்தது. அந்நகரில் தங்க விடுதி கிடைக்காமல் லண்டனிலிருந்து அன்றாடம் ரயிலேறிப் போய்வந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். சில ஆண்டுகளில் ஜமைக்காவுக்குத் திரும்பி, எழுத்தாளராகவும் 1984 முதல் அந்நாட்டு மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். 2020ஆம் ஆண்டில் பிரிட்டனின் இதழியல் ஏடு ஒன்று அவர் பெயரால் விருது ஏற்படுத்தியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் வந்த மரியாதை.

அவருடைய செய்தியில் பிழை இருந்தது என்று அன்று எவரும் சொல்லவில்லை என்பதே இங்கு முக்கியம். புகார் செய்தியைப் பற்றியது அன்று, ஆளைப் பற்றியது. அப்புகாரை நிலையம் நிராகரித்திருக்கலாம். அதைத் தன் முடிவுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது. நேயரின் வெறுப்பு நிர்வாகத்தின் கையில் வந்ததும் 'ஏற்புடைமை' என்னும் நாகரிகமான பெயரைப் பெற்றுவிடுகிறது.

நிறம் மட்டுமன்று, ஒலியும் இத்தகைய தடையாக நின்றதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், யார்க்ஷையர் வட்டாரத்தைச் சேர்ந்த வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்பவரை பி.பி.சி. வானொலி தேசியச் செய்தி வாசிக்க அமர்த்தியது. அவர் வெள்ளையர்தான், ஆங்கிலேயர்தான். ஆனால் அவருடைய உயிரொலிகள் வட இங்கிலாந்துக்குரியவை. இரவுச் செய்தியின் முடிவில் தம் ஊர் உச்சரிப்பிலேயே அவர் வாழ்த்துச் சொல்லி விடைபெற்றபோது பெரும் சலசலப்பு எழுந்தது. புகார்களும் கேலியும் வந்து குவிந்தன. தென் இங்கிலாந்தின் படித்த வகுப்பார் பேசும் ஆங்கிலம் ஒரு வட்டார வழக்கே என்பது கேட்பவர்களுக்கு மறந்துபோய், அதுவே உண்மையின் ஒலி என்று ஆகியிருந்தது. அந்த ஒலி இல்லாத இடத்தில் உண்மையும் இல்லாததுபோல் தோன்றிற்று.

இது வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்சார் என்னும் இருவர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி நீரின்றி அதிக நாள் தாங்கும் என்பது போன்ற சிறுசிறு கூற்றுகளை வெவ்வேறு ஆட்களைக்கொண்டு வாசிக்கச் செய்து, அவை உண்மையா பொய்யா என மதிப்பிடும்படி கேட்டனர். வாசிப்பவர் ஆய்வாளர் எழுதிக் கொடுத்ததையே வாசிக்கிறார் என்பதும் கேட்பவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இருந்தும், அயல்நாட்டு உச்சரிப்பில் வந்த கூற்றுகள் உண்மைத்தன்மை குறைந்தனவாகவே மதிப்பிடப்பட்டன. செவிக்கு எளிதில் புகாத ஒலியை மனம் தன்னையறியாமலே பொய்யின் பக்கம் தள்ளிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இதைச் சுட்டிக்காட்டி எச்சரித்த பிறகு, இலேசான அயல் உச்சரிப்பின் விஷயத்தில் கேட்பவர்கள் தங்களைத் திருத்திக்கொண்டனர். அழுத்தமான உச்சரிப்பின் விஷயத்தில் எச்சரிக்கையும் பலிக்கவில்லை.

செய்தி வாசிப்பவரும் பிறர் எழுதித் தந்ததைத்தான் பெரும்பாலும் வாசிக்கிறார். எனவே இந்த ஆய்வு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கேட்பவரின் காது ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கேள்வி, அந்தச் சாய்வை ஊடகம் நிமிர்த்த முயல்கிறதா, இல்லை அதற்கேற்ப ஆட்களைப் பொறுக்குகிறதா என்பதே.

* * *

1968ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தின் கடைசி நாட்களை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பிப்ரவரி 27ஆம் நாள் இரவு, சி.பி.எஸ். தொலைக்காட்சியின் வால்டர் கிரான்கைட் வியட்நாமிலிருந்து திரும்பி வந்து ஒரு சிறப்பு நிகழ்ச்சியை வழங்கினார். அதன் முடிவில், தாம் சொல்லப்போவது சொந்தக் கருத்து என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு, அந்தப் போர் வெல்ல முடியாத தேக்கநிலையில் நிற்கிறது, பேச்சுவார்த்தையே வழி என்னும் பொருள்படப் பேசினார். செய்தியாளர் ஒருவர் நடுநிலை எல்லையைத் தாண்டி நின்று கருத்துரைத்த தருணம் அது. அதனால் அவருடைய பெயர் கெட்டதா? இல்லை. 1972இல் நடந்த கருத்துக் கணிப்பு ஒன்றில், அரசியல் தலைவர்கள் பலருடன் சேர்த்து அவர் பெயரையும் வைத்துக் கேட்டபோது நம்பிக்கைக்குரியவர்களில் முதலிடம் அவருக்கே கிடைத்தது. அமெரிக்காவின் மிக நம்பகமான மனிதர் என்ற அடைமொழி கடைசிவரை அவருடன் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நேர்மையானவர் என்பதில் நமக்கும் ஐயமில்லை.

அதற்கு இரண்டே நாட்களுக்குப் பிறகு, பிப்ரவரி 29ஆம் நாள், கெர்னர் ஆணையத்தின் அறிக்கை வெளியாயிற்று. அமெரிக்க நகரங்களில் 1967ஆம் ஆண்டு வெடித்த கலவரங்களின் காரணங்களை ஆராய அதிபர் லிண்டன் ஜான்சன் நியமித்த ஆணையம் அது. அதன் ஓர் அத்தியாயம் முழுவதும் ஊடகங்களைப் பற்றியது. நாட்டின் செய்தித் துறை ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆசிரியர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் இருப்போர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு, அவர்களிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே நடத்தும் நிறுவனங்களில் இருக்கிறார்கள் என்று அது கணக்கிட்டுச் சொன்னது. அமெரிக்க ஊடகம் நெடுங்காலமாக உலகை வெள்ளையரின் கண்கொண்டே பார்த்துவருகிறது என்றும் குறை கூறியது.

இவ்விரு நாட்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். ஒருவர் தம் கருத்தைச் சொன்னார். அது நாட்டின் மனச்சாட்சியின் குரலாகக் கொள்ளப்பட்டது. வேறொரு மக்கள் கூட்டம் தன் வீதியில் நடந்ததைச் சொல்லவே செய்தி அறைக்குள் ஆளில்லாமல் இருந்தது. நம்பகத்தன்மை என்னும் செல்வம் சிலருக்குப் பிறப்பிலேயே வைப்புத்தொகையாகக் கிடைத்துவிடுகிறது. அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கவும் அவர்களால் முடிகிறது. மற்றவர்கள் ஒவ்வொரு காசையும் சம்பாதித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மாக்ஸ் ராபின்சன் அப்படிச் சேர்த்தவர். வாஷிங்டன் நகரத் தொலைக்காட்சியில் பெயர்பெற்று, 1975இல் கறுப்பின இதழாளர்களின் தேசியச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகி, 1978 ஜூலையில் ஏ.பி.சி. நிறுவனத்தின் மாலைச் செய்தியை வழங்கும் மூவரில் ஒருவரானார். வாஷிங்டனில் ஃபிராங்க் ரெனால்ட்ஸ், லண்டனில் பீட்டர் ஜென்னிங்ஸ், சிகாகோவில் ராபின்சன். தேசிய வலையமைப்பின் மாலைச் செய்தியில் தொகுப்பாளராக அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் திரையில் முகம் காட்டும் உரிமையும், எதைச் செய்தி என்று தீர்மானிக்கும் உரிமையும் ஒன்றல்ல என்பதை விரைவிலேயே கண்டுகொண்டார். ரீகன் பதவியேற்பு, ஈரானில் சிறைப்பட்டிருந்த பிணையாளிகள் நாடு திரும்பியது போன்ற 1981ஆம் ஆண்டின் பெருநிகழ்ச்சிகளில் கறுப்பினச் செய்தியாளர்கள் ஒதுக்கப்பட்டதாக, அவ்வாண்டு பிப்ரவரியில் ஸ்மித் கல்லூரியில் ஆற்றிய உரையில் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். நிர்வாகத்துடன் உரசல் வளர்ந்தது. 1983இல் ரெனால்ட்ஸ் மறைந்த பிறகு தலைமைத் தொகுப்பாளர் இடம் ஜென்னிங்ஸுக்குப் போயிற்று. ராபின்சன் சிகாகோவின் உள்ளூர் நிலையம் ஒன்றுக்குச் சென்றார். 1988 டிசம்பரில் 49 வயதில் எய்ட்ஸ் நோயால் காலமானார். தனியொருவராக ஒரு தேசிய வலையமைப்பின் வாரநாள் மாலைச் செய்தியை நிலையாக ஏற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் இடத்தை லெஸ்டர் ஹோல்ட் அடைந்தது 2015இல்தான். ராபின்சன் அந்த மேசைக்கு வந்து 37 ஆண்டுகள் கழிந்திருந்தன.

* * *

உள்ளே நுழைய அனுமதி கிடைத்தவர்கள் கொடுத்த விலை என்ன என்பதும் கேட்கத்தக்கது. டிரினிடாடில் பிறந்த டிரெவர் மெக்டொனால்டு 1973இல் ஐ.டி.என். நிறுவனத்தில் சேர்ந்து, 1992இல் 'நியூஸ் அட் டென்' செய்தியின் தனி வாசிப்பாளராகி, 1999இல் சர் பட்டமும் பெற்றார். பிரிட்டன் மிக விரும்பி நம்பிய குரல்களில் அவருடையது ஒன்று. தொண்ணூறுகளின் நடுவில், நல்ல ஆங்கிலத்தை வளர்ப்பதற்கான இயக்கம் ஒன்று அங்கே தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவரும் அவரே. இதை வெற்றி என்று கொண்டாடலாம். தவறில்லை. ஆயினும் அந்த வெற்றியின் நிபந்தனை என்ன என்றும் பார்க்க வேண்டும். நிறம் மாறலாம், ஒலி மாறலாகாது. பிக்கிள்ஸ் காலத்தில் யார்க்ஷையர்க்காரருக்கு மறுக்கப்பட்ட அதே நுழைவுச் சீட்டு, அந்த ஒலியைத் தம்முடையதாக்கிக்கொண்ட டிரினிடாட்காரருக்கு வழங்கப்பட்டது.

ஜார்ஜ் அழகையாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1955இல் கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் கானாவுக்குப் புலம்பெயர்ந்தது. பதினோரு வயதில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரத்துப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ராபின்சன் முகம் மறைத்து வாசித்த அமெரிக்க ஊருக்கும் இதே பெயர் என்பது ஒரு தற்செயல்தான். இருந்தாலும் மனத்தில் தைக்கிறது. 1989இல் பி.பி.சி.யில் சேர்ந்து, ஆப்பிரிக்கச் செய்தியாளராக ருவாண்டா இனப்படுகொலை உள்ளிட்ட கொடுமைகளை நேரில் கண்டு சொன்னார். 2003 முதல் மாலை ஆறு மணிச் செய்தியை வழங்கினார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையிலிருந்தும் செய்தி அளித்தார். 2023 ஜூலை 24ஆம் நாள் அவர் மறைந்தபோது, வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் பிரிட்டிஷ் நேயர்கள் வருந்தினார்கள். அழகையா என்னும் பெயரை ஆங்கிலேய நாக்குகள் இருபது ஆண்டுகள் அன்றாடம் கேட்டுப் பழகின. பழக்கம்தான் அவநம்பிக்கையை வளர்த்தது. பழக்கத்தாலேயே அது கரையவும் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 'நேயர்கள் ஏற்கமாட்டார்கள்' என்று சொன்னவர்கள் நேயர்களுக்கு அந்த வாய்ப்பையே தரவில்லை.

* * *

முகம் ஏற்கப்பட்டதும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அடுத்த வாயிலில் காவல் நிற்பது நடுநிலை என்னும் சொல். 2019 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப், பெண் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வரைக் குறித்து, அவர்கள் வந்த இடங்களுக்கே திரும்பிப் போகலாம் என்று எழுதினார். நால்வரும் அமெரிக்கக் குடிமக்கள். மூவர் அங்கேயே பிறந்தவர்கள். பி.பி.சி.யின் காலை நிகழ்ச்சியில் இது பேசப்பட்டபோது, உடன் வழங்கிய டான் வாக்கர் கேட்டதன் பேரில் நாகா முன்செட்டி தம் அனுபவத்தைச் சொன்னார். லண்டனில் பிறந்தவர் அவர். தாய் இந்தியாவிலிருந்தும் தந்தை மொரீஷியஸிலிருந்தும் வந்தவர்கள். வந்த இடத்துக்கே போ என்று தம்மிடம் சொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும் அதில் இனவெறி பொதிந்திருந்தது என்பதே அவர் சொன்னதன் சாரம்.

நேயர் ஒருவர் புகார் செய்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பி.பி.சி.யின் புகார்ப் பிரிவு அதை ஓரளவு ஏற்று, டிரம்பின் நோக்கங்களைக் குறித்து அவர் கருத்துரைத்தது விதிமீறல் என்று தீர்ப்பளித்தது. கேள்வி கேட்ட வாக்கர் மீது தீர்ப்பு எதுவும் இல்லை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. செப்டம்பர் 30ஆம் நாள் தலைமை இயக்குநர் டோனி ஹால் அந்தத் தீர்ப்பைத் திருப்பிவிட்டார்.

முடிவு நல்லதாகவே அமைந்தது. ஆனால் முதலில் வந்த தீர்ப்பின் தர்க்கம் நம்மை உறுத்துகிறது. இனவெறிச் சொல் ஒன்றைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கேட்டிராதவர் அதைப் பற்றி நடுநிலையாளர். கேட்டு வாழ்ந்தவர் சார்புடையவர். அனுபவம் இல்லாமை தகுதியாகவும் அனுபவம் குறையாகவும் எண்ணப்படும் துறை வேறெதுவும் உண்டா? போரைக் கண்டவரைப் போர்ச் செய்தியாளராக மதிக்கிறோம். வெள்ளத்தில் நின்று பேசுபவரை வீட்டில் அமர்ந்து பேசுபவரைவிட அதிகம் நம்புகிறோம். இனம் என்று வரும்போது மட்டும் அருகில் நின்று பார்த்தவரின் சாட்சியம் செல்லாததாகிவிடுகிறது. வெள்ளையராக இருப்பதும் ஓர் இனத்தைச் சேர்ந்திருப்பதுதான், அதுவும் ஒரு நிலையிலிருந்து பார்ப்பதுதான் என்பது இந்தத் தர்க்கத்தில் விடுபட்டுப்போகிறது.

பிழை செய்தவர்களின் விஷயத்திலும் இதே இரட்டை அளவுகோல் தென்படும். 2003ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இளம் செய்தியாளர் ஜேசன் பிளேர் செய்திகளைப் புனைந்தும் திருடியும் எழுதியது வெளிப்பட்டது. அவர் கறுப்பினத்தவர். அடுத்த சில வாரங்கள், சிறுபான்மையினரை வேலைக்கு எடுக்கும் கொள்கையால் வந்த வினை இது என்ற விவாதமே ஓங்கி ஒலித்தது. அச்சு ஊடகத்து எடுத்துக்காட்டு எனினும் ஒப்புநோக்கத் தக்கது. 2015இல் என்.பி.சி. மாலைச் செய்தியின் தொகுப்பாளர் பிரையன் வில்லியம்ஸ், ஈராக்கில் தாம் சென்ற ஹெலிகாப்டர் தாக்கப்பட்டதாகச் சொல்லிவந்தது உண்மையன்று என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவர் வெள்ளையர். வெள்ளையரை வேலைக்கு எடுத்ததால் வந்த வினை என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஒருவருடைய பொய் அவருடைய இனத்தின் கணக்கில் எழுதப்பட்டது. மற்றவருடைய பொய் அவருடைய சொந்தக் கணக்கிலேயே நின்றது. வில்லியம்ஸ் இழந்த நம்பிக்கையை மீட்க அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டவர்தான் லெஸ்டர் ஹோல்ட்.

* * *

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும். நடுநிலை என்ற இலட்சியத்தையே கைவிட்டுவிட்டால் ஒவ்வொருவரும் தத்தம் கூட்டத்தின் குரலாகி, செய்தி என்பதே இல்லாமல் போய்விடாதா? இந்த அச்சம் நியாயமானது. சரிபார்த்தல், எதிர்த்தரப்பைக் கேட்டல், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுதல் ஆகிய ஒழுங்குகளை எவரும் விட்டுக்கொடுக்கலாகாது. ஆனால் இவை செயலின் ஒழுங்குகள். ஆளின் பிறப்போடு இவற்றுக்குத் தொடர்பில்லை. நடுநிலை என்பதை ஒருவர் வேலை செய்யும் முறையில் தேட வேண்டும். அவர் முகத்தில் தேடலாகாது.

நேயர்கள் உணரும் சார்பு எப்போதும் செய்தியில் இருப்பதுமில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வலோன், ராஸ், லெப்பர் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. லெபனானில் 1982ஆம் ஆண்டு நடந்த படுகொலைகள் பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் காட்டினார்கள். இரு தரப்பாரும் அச்செய்திகள் தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகவே உறுதியாகச் சொன்னார்கள். ஒரே செய்தி இரு பக்கமும் சாய்ந்திருக்க முடியாது. எனவே 'புகார் வந்தது' என்பது மட்டுமே சார்புக்கு ஆதாரமாகிவிடாது.

மறுபக்கம் இன்னொரு பொறியும் உண்டு. கறுப்பினச் செய்தியாளர் இனச் சிக்கல்களைப் பற்றி மட்டுமே பேசத் தகுந்தவர் என்று வகுத்துவிடுவதும் அவமதிப்பே. 1991 ஜனவரியில் பாக்தாத் மீது குண்டுமழை பொழிந்த இரவில், விடுதி அறையிலிருந்து சி.என்.என். வழியாக உலகுக்குச் செய்தி சொன்ன மூவருள் பெர்னார்டு ஷா ஒருவர். அந்த இரவில் அவர் நிறத்தை எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். அவர் கண்டதைச் சொன்னார், உலகம் கேட்டது. இனத்தைப் பற்றிப் பேசும்போது அனுபவத்தை மறுக்காமல், மற்றதைப் பேசும்போது இனத்தை முன்னிறுத்தாமல் இருப்பது முடியாத காரியமன்று.

இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2023 மே மாதம், மூன்றாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டி, அந்நாட்டுத் தொல்குடிகளுக்கு முடியாட்சி இழைத்தது பற்றித் தொலைக்காட்சியில் பேசியதற்காகத் தொல்குடி மரபினரான ஸ்டான் கிராண்ட் வசைமாரிக்கு ஆளானார். பொது ஒளிபரப்பு நிறுவனத்தில் தாம் வழங்கிவந்த நிகழ்ச்சியிலிருந்து விலகினார். நிறுவனம் உரிய நேரத்தில் தமக்குத் துணை நிற்கவில்லை என்பது அவருடைய வருத்தம். நியூசிலாந்தில் மாவோரி மரபுப்படி முகவாயில் பச்சை குத்திய ஓரினி கைபாரா 2019இல் தேசியத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தார். அந்நாட்டின் பழங்குடிப் பெண்ணொருத்தியின் முகம் அதன் மரபு அடையாளத்தோடு செய்தித் திரைக்கு வர அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு வெள்ளையர் உலகின் குறைகளாக ஒதுக்கிவைப்பது நமக்கு எளிது. இலங்கைப் போர்க்காலத்தில் பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிக்காகக் காத்திருந்த வீடுகள் எத்தனையோ. பேசியவர்கள் நம்மவர்களே; மொழி நம் மொழியே. ஆனாலும் லண்டனிலிருந்து வருகிறது என்பது அந்தச் சொற்களுக்கு ஒரு தனி எடையைத் தந்தது. அந்த எடையில் எவ்வளவு பகுதி அவர்களுடைய உழைப்புக்கும் சரிபார்ப்புக்கும் உரியது, எவ்வளவு பகுதி லண்டன் என்ற பெயருக்கு நாம் கொடுத்தது என்று நம்மைநாமே கேட்டுக்கொண்டதுண்டா?

செய்தி நிறுவனங்கள் செய்ய வேண்டியவை உண்டு. யார் திரையில் தோன்றுகிறார் என்பதோடு நில்லாமல் எது செய்தி என்பதை யார் தீர்மானிக்கிறார் என்பதையும் அவை மாற்ற வேண்டும். புகார் வந்தால் அது சொல்லப்பட்டதைப் பற்றியதா சொன்னவரைப் பற்றியதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பின்னதாயின் அதைக் குப்பைக்கூடையில் போடும் துணிவு வேண்டும்.

எஞ்சியது நம் பங்கு. போர்ட்ஸ்மத் நிலையத்தின் படவில்லையை ராபின்சன் ஓரிரவு அகற்றச் செய்தார். கேட்பவர் மனத்தில் மாட்டியிருக்கும் படவில்லையைக் கேட்பவர்தான் அகற்ற வேண்டும். அடுத்த முறை ஒரு செய்தியைக் கேட்டு நம் மனம் ஐயுறும்போது, அந்த ஐயம் சொல்லிலிருந்து எழுந்ததா, சொன்னவரின் முகத்திலிருந்தும் ஒலியிலிருந்தும் எழுந்ததா என்று ஒரு கணம் நின்று பார்ப்போம். வள்ளுவர் அறிவு என்று சொன்னது அந்த ஒரு கணத்தைத்தான் என்று நாம் எண்ணுகிறோம்.